மறைக்காதிருத்தல் போதுமா?

கற்ற கல்வியை மறைத்து வைப்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்துள்ளார்கள். மறைத்தலை அறபியில் 'கித்மான்' என்பர். எத்திவைத்தலைத் 'தப்லீக்' என்பர். இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. இன்றைய மின்னூலகங்கள் பல அவ்விடைவெளியிலேயே நிற்கின்றன. அவற்றை எவரும் மறைக்கவில்லை; எத்தனையோ சிற்றூர்களுக்கு அவை சென்று சேரவுமில்லை.

"வாசல் திறந்தே கிடக்கிறது, வராதது அவர்கள் குற்றம்" என்பாரும் உளர். அவர்களுக்குப் புதுவையை அடுத்த வீராம்பட்டினம் விடை கூறும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுவைச் சிற்றூர்களில் தகவல் மையங்களை நிறுவத் தொடங்கியது. எல்லாச் சாதியாரும் தடையின்றி வரத்தக்க இடமே மையத்திற்கு வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கடலின் அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் எவரும் காணுமாறு இருந்தது. ஆங்கிலமும் கணினியும் அறியாத மீனவருக்கு அஃது இருந்தும் இல்லாததே. மையத்தார் அதனைத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் அறிவித்தனர். அதன் பின்னரே, கடலுக்குச் செல்லலாமா என மீனவர் முடிவு செய்ய அது பயன்பட்டது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு கிராமத்திற்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை ஊரெங்கும் கொண்டு சென்றதும் அத்தகைய ஒலிபெருக்கியே.

அமானிதப் பொருளைத் தெருவில் வைத்துவிட்டு, "நாம் பூட்டவில்லையே" என்பது ஒப்படைத்தல் ஆகுமா? உரியவர் கையில் சேரும்வரை பொறுப்புத் தீராது. கருவியை வாங்கி வைப்பது எளிது. அவரவர் மொழியில் பெயர்த்துச் சொல்லவும், அருகிருந்து கற்பிக்கவும் ஆளை அமர்த்துவதே அரிது. கற்றோர்மீது கடமையாவதும் அதுவே.