நிற்க ஓர் இடம்

லேத் மெஷினை ஓட்ட மோட்டார், பெல்ட், கியர் என்று எத்தனையோ இருக்கின்றன. வெட்டும் டூலைத் தாங்கி நகரும் அதன் கேரியேஜ் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதோ, அது நகரும் தளமான பெட்டின் மேல் இறுக்கிய ஒரு சின்ன இரும்புக் கட்டை. அடியில் பெட்டின் 'வி' வடிவத்துக்குப் பொருந்தும் பள்ளம், கீழே கவ்விப் பிடிக்க ஒரு தகடு, முன்னால் ஒரு ஸ்க்ரூ. பட்டறை மூலையில் கிடக்கும் துண்டு இரும்பே போதும். ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும் ஸ்க்ரூவின் தலையில் 50 கோடு போட்டால், கோட்டுக்கு 0.02 மி.மீ. கிடைக்கும். கண் அசரும், கை அசரும், கட்டை அசராது. பத்தாவது உருப்படிக்கும் நூறாவதுக்கும் அதே இடம்.

ஆனால் அது அளவுக்குத்தான் காவல், வேகத்துக்கு அல்ல. கேரியேஜைத் தானாக நகர்த்தும் ஆட்டோ ஃபீடில் ஓடவிட்டுக் கட்டையில் மோதவிட்டால் மெஷினுக்குத்தான் கேடு. கொஞ்சம் முன்பே ஃபீடை விடுவித்து, மிச்ச தூரத்தைக் கைச்சக்கரத்தால் கடக்க வேண்டும். வேகத்தைக் கைவிடத் தெரிந்தவருக்கே எல்லை உதவும். (எல்லையை மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் நம்மில் அதிகம்.) கட்டைக்கும் கேரியேஜுக்கும் இடையில் ஓர் இரும்புச் சீவல் சிக்கினாலும் அளவு தப்பும்; அதனால் நல்ல டர்னர் ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுத்தான் முட்டவிடுவார்.