சைவ விரதமும் பி12 ஊசியும்

சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிட்டுவரும் பரம்பரைச் சைவர் ஒருவருக்குப் பாதம் மரத்துப்போகிறது. செருப்பு நழுவினாலும் தெரிவதில்லை. சர்க்கரையின் வேலை என்றே நினைக்கத் தோன்றும். இரத்தத்தைச் சோதித்தால் வைட்டமின் பி12 குறைந்திருக்கலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அது உறிஞ்சப்படுவதை மெட்ஃபார்மின் குறைக்கிறது. அங்கே பெருகும் பாக்டீரியாவும் அதில் பங்குகேட்கிறது என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். கல்லீரலில் சில வருடத்துக்கான இருப்பு உண்டு என்பதால் குறை மெல்லத்தான் வெளியே தெரியும். தெரிந்ததும் மனசு கேட்பது வைத்தியக் கேள்வி மட்டுமல்ல. முட்டைகூடத் தொடாமல் காத்த விரதம் தோற்றுவிட்டதா? பி12 மாத்திரையை நம்பி நிற்கும் தர்மம் என்ன தர்மம்?

தோற்கவில்லை என்றே சொல்வேன். பி12ஐச் செடிகொடியும் உண்டாக்குவதில்லை, ஆடுமாடும் உண்டாக்குவதில்லை. நுண்ணுயிர்களுக்குத்தான் அந்த வித்தை தெரியும். ஆட்டுக்கறியில் இருப்பதும் ஆட்டின் இரைப்பையில் அவை உண்டாக்கியதே. நம் பெருங்குடலிலும் உண்டாக்குகின்றன. ஆனால் உறிஞ்சும் இடம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாவும் இதைச் செய்யக்கூடும் என்று வேலூர் சிஎம்சியின் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 1980இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஆக, புலால் உண்பவரும் மறுப்பவரும் கடன்பட்டிருப்பது ஒரே இடத்தில்தான். பிறர் தயவில்லாத தூய உடம்பு என்ற பெருமை இங்கே உடைகிறது, உடையட்டும். வலங்கைமான் மகாமாரியம்மன் கோயிலில் பங்குனியில் பாடைக் காவடி எடுப்பவர்கள் அந்தப் பெருமையை எப்போதோ விட்டவர்கள். சாகக்கிடந்து பிழைத்தவர் பிணம்போலப் பாடையில் படுத்து, தீச்சட்டி முன்னே போக, நாலு பேர் தோளில் அம்மனிடம் போகிறார். இந்த உடம்பு எனக்கு மட்டும் சொந்தமில்லை என்பதை இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்வது? சைவ உணவு தூய்மைப் பெருமையில் வேர்விட்டதல்ல, கொல்லாமையில் வேர்விட்டது. புலால் மறுத்தலுக்கு அதிகாரம் வகுத்த வள்ளுவர் மருந்துக்கும் ஒன்று வகுத்தார்.

பாக்டீரியாவும் உயிர்தானே, தொட்டியில் அதை வளர்த்து எடுக்கும் பி12 மட்டும் ஆகுமா என்று கேட்கலாம். தயிர்சாதத்தின் ஒவ்வொரு கவளத்திலும் கோடிக்கணக்கான பாக்டீரியா உள்ளே போகிறது. தவிர்க்க முடிகிற கொலையை, அதிலும் வலி உணரும் உயிரின் கொலையைத் தவிர்ப்பதே விரதம். தாத்தா காலத்தில் ஊசி இல்லையே என்றால், அவர்களுக்கு மெட்ஃபார்மினும் இல்லை. அவர்களின் பி12ஐ அளந்து பார்த்தவரும் இல்லை. கேப்ஸ்யூல் கூட்டைப் பற்றிய ஆட்சேபம் மட்டும் நியாயமானது. அந்தக் கூடு பெரும்பாலும் மாட்டெலும்பிலும் தோலிலும் எடுத்த ஜெலட்டின். அது வேண்டாதவர், கூடு இல்லாத மாத்திரையோ ஊசியோ எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்கலாம். மெட்ஃபார்மினை மட்டும் தானாக நிறுத்திவிடக் கூடாது.