‘உண்டு’ என்று எழுதுங்கள், அண்ணாச்சி!

அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்காக இணையத்தில் நிரப்ப வேண்டிய படிவம் டிஎஸ்-260. அதில் வேலையும் படிப்பும் கேட்டு முடிக்கிற இடத்தில் ஒரு கேள்வி வரும். துப்பாக்கி, வெடிபொருள், அணு, உயிரியல், வேதியியல் ஆகியவற்றில் உங்களுக்குத் தனித் திறமையோ பயிற்சியோ உண்டா? மற்ற ஊர்க்காரர்கள் அரை நொடியில் ‘இல்லை’யைத் தட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். சிவகாசிக்காரர் அங்கே நின்றுவிடுவார். முப்பது வருஷம் பயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், போர்மேனாக இருந்தவர். வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பொடியையும் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தவர். பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஏஜெண்டு காதோரம் குனிந்து சொல்வார்: “இல்லைன்னு போட்டுருங்க அண்ணாச்சி. எதுக்கு வம்பு?”

போடாதீர்கள்! அந்த மவுஸை அவர் கையிலிருந்து வாங்குங்கள்!

எதை மறைக்கிறீர்கள்? திருத்தங்கல் ரோட்டில் வீடு கட்டிக் கொடுத்த தொழிலையா? மகளை மெப்கோ இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்த்து, இன்ஜினியராக்கி, டெக்சாஸுக்கு விமானம் ஏற்றிவிட்ட தொழிலையா? அவள் அங்கே குடியுரிமை வாங்கி, அம்மாவும் அப்பாவும் வந்து என்னோடு இருக்கட்டும் என்று மனுப் போட்டிருக்கிறாள். அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது எந்த மருந்து வாசனையோ, அதே வாசனையைப் படிவத்திலிருந்து கழுவப் பார்க்கிறீர்களே, நியாயமா?

‘உண்டு’ என்று தட்டுங்கள். விளக்கம் எழுதச் சொல்வார்கள். நாலு வரி போதும். விருதுநகர் மாவட்டம், சிவகாசி வட்டம். மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்புத் துறையிடம் உரிமம் பெற்ற பட்டாசு ஆலை. எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, என்ன வேலை. பண்டிகைக்கு வெடிக்கிற வாணவேடிக்கைப் பொருள் தயாரிப்பு. இதில் வெட்கப்பட ஒரு எழுத்துகூட இல்லை. மருந்து கலந்தவரும் போர்மேனும் இப்படி எழுதுவதுதான் சரி. அட்டைப்பெட்டி ஒட்டியவரும் லேபிள் சுற்றியவரும் வெடிபொருள் பயிற்சி பெற்றவர்கள் ஆகமாட்டார்கள். ஆனால் அவர்களும் வேலை பார்த்த இடத்தின் பெயரை உள்ளபடியே எழுத வேண்டும். சந்தேகம் என்றால் ‘உண்டு’ என்று போட்டு விளக்கிவிடுங்கள் என்பதே என் கட்சி.

தாமதம் ஆகாதா? ஆகலாம். கூடுதல் பரிசீலனை என்று சில வாரமோ சில மாதமோ இழுத்தாலும் இழுக்கும். இழுக்கட்டும்! அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 212-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று ஏஜெண்டு உங்களிடம் சொன்னாரா? முக்கியமான ஒரு விவரத்தில் தெரிந்தே பொய் சொல்லி விசா கேட்டவருக்கு, காலக்கெடு இல்லாத தடை. விலக்கு கேட்கலாம், அது லேசில் கிடைக்காது. சில மாதத் தாமதத்துக்குப் பயந்து ஆயுள் தடையை விலைக்கு வாங்குவீர்களா? படிவத்தை நிரப்ப வேறு யாராவது உதவினார்களா என்றும் அந்தப் படிவமே கேட்கிறது. யார் தட்டச்சு செய்தாலும், கடைசிப் பக்கத்தில் சத்தியம் செய்து கையெழுத்து இடுவது நீங்கள். பொய் அவருடையது, தண்டனை உங்களுடையது. இந்தக் கணக்கு புரியாதவரா நீங்கள்?

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. எந்தக் குற்றத்துக்காகவாவது எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா? நம் பகுதியில் ஆலையில் விபத்து நடந்தால் உரிமையாளர் மேலும் போர்மேன் மேலும் வழக்குப் பதிவது வழக்கம். விபத்து நடந்த அறைக்கும் அவருக்கும் தொடர்பே இல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு ராத்திரி ஸ்டேஷனில் உட்காரவைத்து, மறுநாள் ஜாமீனில் வந்து, சில வருஷம் கழித்து விடுதலையும் ஆகியிருக்கலாம். “அதான் விடுதலை ஆயாச்சே, எதுக்கு எழுதணும்?” என்கிறார்கள். கேள்வி தண்டனையைப் பற்றி மட்டும் இல்லையே, கைதைப் பற்றியும்தானே? எழுதுங்கள். கோர்ட்டில் தீர்ப்பு நகலுக்கு மனுப் போட்டு, முத்திரை வைத்த நகலை வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கை, தீர்ப்பு இரண்டும் ஆங்கில மொழிபெயர்ப்போடு கோப்பில் இருக்கட்டும். குற்றமற்றவர் என்று நீதிமன்றமே எழுதிக் கொடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிகிறவரை என்னவென்று சொல்வது?

படிவம் என்றாலே நமக்கு ஏன் இந்த நடுக்கம்? ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதாலா? அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறியபோது வங்காளத்தைக் கரைத்துக் குடித்துவிட்டா போனார்கள்? மழை பொய்த்த மண்ணை விட்டுப் போய், மாதக்கணக்கில் தங்கி, கற்றுத் திரும்பி, இந்த ஊரை ஒரு தொழில் நகரம் ஆக்கினார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்கா என்ன சொல்லிக்கொண்டிருந்தது தெரியுமா? 1923 பிப்ரவரியில் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதி இல்லாதவர் என்று அவர்களின் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதியது. 1946-இல் சட்டம் மாறியபோதும் ஆண்டுக்கு 100 இந்தியர் என்று ஒரு பிச்சை. 1965-இல்தான் கதவு நிஜமாகத் திறந்தது. திறக்காத காலத்தில் முட்டி மோதியவர்கள் இருந்தார்கள். உங்களுக்குத் திறந்திருக்கிறது, படிவம் கையில் இருக்கிறது. நீங்களோ ஏஜெண்டுக்கு எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள்!

தீபாவளிக்குத் தற்காலிகக் கடை போட இதே நீங்கள் எத்தனை தாள் சேர்ப்பீர்கள்! கடை அமையும் இடத்தின் வரைபடம், வாடகை ஒப்பந்தம், வரி ரசீது, பணம் கட்டிய சலான், போட்டோ. ஒரு தாள் குறைந்தாலும் உரிமம் இல்லை என்று தெரிந்து, ஒன்றும் குறையாமல் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள். அதே மனிதருக்கு இந்தப் படிவம் மட்டும் மலையா?

இதில் கேட்பதெல்லாம் உங்கள் வாழ்க்கையைத்தான். பதினாறு வயதிலிருந்து எந்தெந்த வீட்டில் குடியிருந்தீர்கள், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை. கடந்த பத்து ஆண்டுகளில் எங்கெங்கே வேலை. என்ன படிப்பு, எந்தப் பள்ளி. அப்பா அம்மா பிறந்த தேதி, ஊர். இதற்கெல்லாம் பதில் தெரிந்த ஆள் உலகத்திலேயே நீங்களும் உங்கள் வீட்டம்மாவும்தான். எந்த ஏஜெண்டுக்குத் தெரியும், சாட்சியாபுரத்து வாடகை வீட்டை எந்த ஆடியில் காலி செய்தீர்கள் என்று?

பிரஸ்ஸில் கழிவாக வந்த காலண்டர் தாளை எடுங்கள். நம் ஊரில் அதற்கா பஞ்சம்! பின்பக்கத்தில் மேலிருந்து கீழாக வருஷங்களை எழுதுங்கள். பெரியவள் பிறந்தபோது எந்த வீடு? காஸ் இணைப்பு எந்த முகவரிக்கு வந்தது? பழைய ரேஷன் கார்டு, எல்ஐசி பத்திரம், மின்கட்டண அட்டை, பிள்ளைகளின் ரேங்க் கார்டு எல்லாவற்றிலும் முகவரியும் தேதியும் இருக்கும். பிஎஃப் கணக்கைத் திறந்தால் வேலையில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் கிடைக்கும். இந்த விஷயத்தில் வீட்டுப் பெண்களின் ஞாபகத்தை மிஞ்ச ஆள் இல்லை. “அந்த வீட்டுல இருக்கறப்பதான் உங்க அய்யா தவறினாக” என்று ஒரே வாக்கியத்தில் வருஷத்தைப் பிடித்துத் தருவார்கள். தாளில் முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்காருங்கள். சுமார் இருபது நிமிஷம் சும்மா விட்டால் அந்தத் தளம் தானாக வெளியே தள்ளிவிடும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் சேமியுங்கள். மின்தடை வந்தாலும் நட்டம் ஒரு பக்கத்தோடு போகும்.

இனி ஆவணங்கள். நம் ஆட்கள் சோர்ந்து விழுகிற இடம் இதுதான்.

கல்யாணம். கோயிலில் தாலி கட்டி, ஊர் கூடிச் சாப்பிட்டுப் போனது; பதிவு செய்யவில்லை. தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009-இல் வந்தது. அதற்கு முன் நடந்த கல்யாணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் இந்துத் திருமணச் சட்டத்தின்படி பதிவு செய்யலாம். அழைப்பிதழ் இருக்கிறதா? கல்யாணப் பத்திரிகை அச்சடித்தே பேர் வாங்கிய ஊரில் பிறந்துவிட்டு இல்லை என்று சொல்லாதீர்கள், பரணில் தேடுங்கள். சீர்திருத்தத் திருமணம் செய்துகொண்டவர்கள் கூடுதலாகத் தயங்குகிறார்கள். தயக்கமே வேண்டாம். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் கொண்டுவந்த திருத்தச் சட்டம், புரோகிதரும் தீயும் இல்லாத அந்தத் திருமணத்துக்கு முழுச் சட்டத் தகுதி கொடுத்திருக்கிறது. நெஞ்சை நிமிர்த்திப் பதிவு செய்யுங்கள்!

பெயர். பள்ளிச் சான்றிதழில் முத்துமாரி ஒரே சொல், ஆதாரில் இரண்டு சொல், பாஸ்போர்ட்டில் ஆங்கில எழுத்து ஒன்று கூடுதல். எந்தப் பெயர் சரி என்று வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதே உங்கள் பெயர். மற்றப் பெயர்களைப் படிவத்திலேயே ‘வேறு பெயர்கள்’ என்று கேட்கிற இடத்தில் எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராக ஏறி, முதல் பெயரின் இடத்தில் எஃப்என்யூ என்று மூன்றெழுத்து வந்து உட்காரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. அங்கே போய் வங்கிக் கணக்கும் ஓட்டுநர் உரிமமும் எடுக்கும்போது ஒவ்வொரு கவுண்ட்டரிலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை முன்னதாகவே மாற்றிக்கொள்வது நல்லது.

பணப் பொறுப்பு மகளுடையது. ஐ-864 என்ற உறுதிமொழிப் பத்திரத்தை அவள் நிரப்ப வேண்டும். அவள் வருமானம் அமெரிக்க அரசு வகுத்த வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். போதாவிட்டால் இன்னொருவர் கூட்டுப் பொறுப்பு ஏற்கலாம். அரசுக் கட்டணத்தையும் அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து அவளே கட்டிவிடலாம். அப்படியிருக்க இங்கே ஒருவர் ‘எம்பஸி ஃபீஸ்’ என்று சொல்லி ரொக்கமாகக் கேட்டால், எந்த எம்பஸிக்கு என்று கேளுங்கள்!

தமிழில் இருக்கிற சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர், இரண்டு மொழியும் எனக்குத் தெரியும், இது பிழையற்ற மொழிபெயர்ப்பு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். இதற்காகச் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. நம் தெருவில் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார் இல்லையா? ஸ்கேன் எடுக்கும்போது பின்பக்கத்தில் ஒரு முத்திரை இருந்தால்கூட அதையும் சேர்த்து எடுங்கள்.

போலீஸ் சான்றுக்கு இங்குள்ள காவல் நிலையத்தில் போய் நிற்காதீர்கள். பாஸ்போர்ட் சேவைத் தளத்தில் விண்ணப்பியுங்கள். நம் மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தைச் சேர்ந்தது. சிங்கப்பூரிலோ குவைத்திலோ ஒரு வருஷமோ அதற்கு மேலோ வேலை பார்த்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் வேண்டும். அது வர நாளாகும், அதனால் அதை முதலில் தொடங்குங்கள்.

ஆறப்போடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை. விசா எண் கைக்கு எட்டியதாக அறிவிப்பு வந்த பிறகு ஒரு வருஷம் வரை நீங்கள் அசையாமல் இருந்தால், மனுவையே ரத்து செய்ய அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் இடம் தருகிறது. அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்காகப் போட்ட மனுவில் நம் நாட்டவர் பதினைந்து வருஷத்துக்கும் மேல் காத்துக் கிடக்கிறார்கள். அவ்வளவு காலம் பொறுத்துவிட்டு, முறை வந்த வருஷத்தில் தூங்கிக் கோட்டை விடுவதா?

பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், இப்போதே. ஆண் குழந்தை, தந்தை பெயர், தாய் பெயர் எல்லாம் இருக்கும். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் வெறும் கோடு. நம்மில் எத்தனை பேர் அந்தக் கோட்டோடுதான் பெயரில்லாமல் இருக்கிறோம்! மாநகராட்சிப் பிறப்பு இறப்புப் பிரிவில் போய்ப் பெயர் சேர்க்க வழி கேளுங்கள். பதிவே இல்லையென்றால், ‘பதிவேட்டில் இல்லை’ என்று அவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1970 ஏப்ரல் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்தவர்களுக்கு இந்தச் சான்றும், பள்ளி மாற்றுச் சான்றிதழும், உங்கள் பிறப்பை அறிந்த பெரியவர்களின் பிரமாணப் பத்திரமும் துணை நிற்கும். பெரியம்மா இருக்கிறார் அல்லவா, கண்ணும் பேச்சும் தெளிவாக? அவர் தெளிவாக இருக்கும்போதே நோட்டரியிடம் கூட்டிப்போங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவுதானே? காலண்டர் தாளை விரியுங்கள் அண்ணாச்சி, மதினியையும் கூப்பிடுங்கள்!