உப்பு விளைகிறதா, செய்யப்படுகிறதா?

கழுவெளி ஏரியை அடுத்துள்ள மரக்காணம் அளங்களில் உப்பு 'விளைகிறது' என்பதே வழக்கு. நெல்லுக்கும் கரும்புக்கும் உரிய வினையை விதையும் வேரும் இல்லாத பொருளுக்கு ஏற்றுவதில் அங்கு எவருக்கும் வியப்பில்லை. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு தூரத்து உறவு உண்டு. தானியமணியைக் குறித்த 'கார்ன்' என்னும் பெயர், உப்புப் பரலுக்கும் ஆகி, 16ஆம் நூற்றாண்டளவில் இறைச்சியைப் பரலுப்பிட்டுப் பதப்படுத்துவதைக் குறிக்கும் வினையாயிற்று ('கார்ன்டு பீஃப்' என்பதில் மக்காச்சோளத்தைத் தேடுவோர் ஏமாறுவர்). ஆங்கிலம் மணியின் வடிவோடு நின்றுகொள்ள, தமிழ் விளைச்சல் முழுவதையும் உப்புக்குக் கொடுத்தது.

இவ்வழக்கின் அடியில் பழைய தத்துவ வழக்கு ஒன்று கிடக்கிறது. காரியம் தோன்றுமுன்பே காரணத்தில் நுண்ணிலையில் உள்ளது என்னும் சற்காரியவாதத்தைச் சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் ஏற்க, காரியம் முன்பில்லாத புதுப்பொருளே என்று நியாய வைசேடிகர் மறுப்பர். சித்தாந்திகள் முதல், துணை, நிமித்தம் எனக் காரணத்தை மூன்றாக வகுத்து, மண், சக்கரம், குயவன் என்று குடத்தைக் கொண்டு விளக்குவர். அளத்தில் உவர்நீர் முதற்காரணம், வெயிலும் காற்றும் துணைக்காரணம், தொழிலாளி நிமித்தகாரணம். ஆனால் குயவன் மண்ணுக்கு உருவம் தருவதுபோல் அளத்தொழிலாளி உப்புக்கு உருவம் தருவதில்லை. களிமண் தரையை மிதித்து இறுக்கி, நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காய வைக்கிறார். லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் முன்பே உள்ளன. ஆகவே சற்காரியவாதத்துக்குக் குடத்தினும் உப்பே பொருத்தமான சான்று எனலாம்.

சிக்கல் இனிமேல்தான். உவர்நீரில் உள்ளது கறியுப்பு மட்டுமன்று. ஜிப்சம் அதற்கு முன்னரே படிந்துவிட, மக்னீசிய உப்புகள் கடைசிவரை நீரில் நின்று, உரிய நேரத்தில் வடிக்காவிட்டால் உப்போடு சேர்ந்து கசக்கும். சாந்தோக்கிய உபநிடதம் நீரில் கரைந்த உப்பை எங்கும் நிறைந்த மெய்ப்பொருளுக்கு உவமையாக்கியது. 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டாரோ சிவஞானபோதத்தில் கடல், நீர், உப்பு என மூன்றாக நிறுத்தி, உப்பு நீரைப் பற்றுவதுபோல் அறியாமை உயிரைப் பற்றுமேயன்றி இறைவனைப் பற்றாது என்று காட்டினார். ஒரே பொருள் ஓரிடத்தில் மெய்யாகவும் மற்றோரிடத்தில் மாசாகவும் நின்றது. உள்ளதே தோன்றும் என்னும் கொள்கை, உள்ளவற்றுள் எதைத் தோன்றவிட்டு எதை வடிப்பது என்பதற்கு விடை தருவதில்லை. அதைப் பாத்தியோரத்தில் நீரின் செறிவை அறிந்தவரே முடிவு செய்கிறார். உப்பு தானே விளைந்தாலும் உண்ணத்தக்க உப்பை விளைவிக்க ஒருவர் வேண்டும் என்பதால் நிமித்தகாரணத்தின் பங்கு சிறிதன்று; கூலிக் கணக்கு அதை ஒப்புக்கொள்கிறதா என்பது வேறு வழக்கு.