எண்ணூறு அர்ச்சனை

கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்குச் சாமி கும்பிட யாரும் சொல்லித்தர வேண்டாம். ஜிந்துப்பிட்டியில் முருகன், செட்டியார் தெருவில் கதிரேசன், கொச்சிக்கடைக் கருங்கல் கோயிலில் பொன்னம்பலவாணேசர், அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் புனித அந்தோனியார். வெள்ளிக்கிழமை கற்பூரம், செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி என்று எங்கள் வீட்டுக் கணக்கு ஓடியது. இத்தனை பேருக்கு இடம் கொடுத்த நெஞ்சு இன்னொருவருக்கும் இடம் கொடுத்தது. அவர் எழுந்தருளிய தலம், ஆமர் வீதியைத் தாண்டிப் போனால் வரும் கெத்தாராம மைதானம். 1992 ஆகஸ்ட் 28ஆம் திகதி அங்கே தொடங்கிய அவுஸ்திரேலிய டெஸ்டில் இருபது வயதுப் பையன் ஒருவன் பந்தைக் கையில் வாங்கினான். கிரெய்க் மெக்டெர்மட் எல்பிடபிள்யூ ஆனார். முத்தையா முரளிதரனின் முதல் விக்கெட். மீதி 799 வரிசையில் நிற்பது அன்றைக்கு யாருக்குத் தெரியும்? தெரிந்திருந்தால் அந்த மாலையே முச்சந்தியில் தேங்காய் உடைத்திருப்போம்.

எந்த மூர்த்திக்கும் ஒரு தலபுராணம் உண்டு. இவருடையது கண்டியில் தொடங்குகிறது. தாத்தா தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். தந்தை சின்னசாமி முத்தையா பிஸ்கட் தொழிற்சாலை வைத்தார். 1977 கலவரம் அதை எரித்தது. அவர் மறுபடி எழுப்பினார். மகன் கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் படித்து, முதலில் மிதவேகப் பந்துதான் வீசினான். பதினான்கு வயதளவில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ, சுழற்பந்து போட்டுப் பார் என்றார். அந்த ஒரு சொல்லில் உலகக் கிரிக்கெட்டின் தலையெழுத்து மாறியது. எங்கள் மாமிக்கு இந்தப் புராணத்தில் ஒரு வரி போதுமாயிருந்தது. "எங்கட அந்தோனியார்ட பள்ளிக்கூடப் பிள்ளை. அவர் கைவிடுவாரே?" என்பார். கொச்சிக்கடையில் செவ்வாய்தோறும் ஏற்றிய திரிகளில் ஒன்று அதன்பிறகு கண்டிப் பிள்ளைக்கு என்று ஒதுங்கியது.

தரிசனம் என்றால் அது பொரளையில், தமிழ் யூனியன் கழகத்தின் பி. சரவணமுத்து மைதானத்தில் கிடைத்தது. 1948இல் பிராட்மன் வந்து ஆடிய மண் அது. 1982இல் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியதும், 1985இல் இந்தியாவைத் தோற்கடித்துத் தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேதான். முரளி அந்தக் கழகத்து வீரர். ஒரு காலைப்பொழுது, பயிற்சி வலைக்குப் பின்னால் அண்ணாவோடு நின்றேன். தொலைக்காட்சியில் தெரியாத ஒன்று அங்கே காதில் விழுந்தது. பந்துக்கு ஓசை இருந்தது. கையை விட்டதும் விர்ரென்று காற்றை அறுத்துக்கொண்டு வந்து, குத்திய இடத்தில் கொஞ்சம் மண்ணைக் கிளப்பிவிட்டு, வலது பக்கத்துக்கு வெளியே இருந்தது இடது பக்கத்துக்குப் போய்விட்டது. துடுப்பை நீட்டிய பையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். முரளி அவனைவிடப் பெரிதாகச் சிரித்தார்.

அந்தக் கையைக் கிட்ட நின்று பார்த்தேன். பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை. ஒப் ஸ்பின் போடுகிறவர்கள் விரலால் திருப்புவார்கள். இவர் மணிக்கட்டால் திருப்பினார். திருவலையில் தேங்காய் துருவுகிற அம்மாவின் மணிக்கட்டு எப்படி வளைந்து நிமிருமோ, அப்படி ஒரு சுற்று. பந்தை விடும் நொடியில் இரண்டு கண்ணும் விரிந்து வெளியே வரப்போவதுபோல் நிற்கும். கோயிலில் திரை விலகும்போது முதலில் தெரிவது அம்பாளின் கண்கள். எனக்கு அன்று தெரிந்ததும் கண்கள்தான். ரோமம் சிலிர்த்தது. கையெழுத்து வாங்க அண்ணா கொப்பி கொண்டு வந்திருந்தார். நான் அதை நீட்டவில்லை. மூலஸ்தானத்தில் நின்று யார் கையெழுத்துக் கேட்பார்கள்?

தெய்வத்துக்கும் சோதனை வந்தது. 1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். நத்தார் கேக் இன்னும் தட்டில் இருந்தது. முரளி பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று நடுவர் டரல் ஹெயார் கையை நீட்டி நோபோல் என்றார். மூன்று ஓவர்களில் ஏழு தடவை. அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க பந்துவீச்சை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்ற நடுவர் ஸ்டீவ் டன் ஒரு தடவையும் சொல்லவில்லை. கை அதேதான், பந்து அதேதான். ஒரு முனையில் குற்றவாளி, இன்னொரு முனையில் நிரபராதி. தமிழராகக் கொழும்பில் வாழ்ந்த எங்களுக்கு அந்த நிலை புதிதல்ல. அதனால்தான் அந்த ஏழும் எங்கள் மேல் விழுந்ததுபோல் வலித்தது.

அந்த வெள்ளி அம்மா ஜிந்துப்பிட்டிக்கு அர்ச்சனைத் தட்டோடு போனார்.

"பெயர் சொல்லுங்கோ அம்மா."

"முரளிதரன்."

"நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா. கண்டிப் பிள்ளை. கையில பிரச்சினை."

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது. "சுவாமி நட்சத்திரத்துக்கே செய்வம்" என்று சொல்லி, வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பூவை அள்ளிப் போட்டார்.

பிறகு நடந்தவை எல்லாம் எனக்குத் திருவிளையாடலாகவே தெரிகின்றன. 1996இல் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கமெரா வைத்து அந்தக் கையை அளந்தார்கள். எறிவதுபோல் தெரிவது பார்ப்பவர் கண்ணின் மயக்கம் என்றார்கள். அதே ஆண்டு ஜனவரி 31இல் மத்திய வங்கி குண்டுவெடிப்பில் கொழும்பு குலுங்கியது. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் உலகக் கிண்ண ஆட்டத்துக்கு இங்கே வர மறுத்தன. மார்ச் 17இல் லாகூரில் அந்த அவுஸ்திரேலியாவையே வென்று இலங்கை கிண்ணத்தை ஏந்தியது. 1999 ஜனவரியில் அடிலெய்டில் நடுவர் றொஸ் எமர்சன் மறுபடி நோபோல் கூப்பிட்டபோது, ரணதுங்க அணியையே எல்லைக் கோட்டுக்கு நடத்திக்கொண்டு போய் ஆட்டத்தை நிறுத்தினார். பாரதத்தில் கண்ணன் அருச்சுனனுக்காகத் தேர் ஓட்டினான். அடிலெய்டில் அர்ஜுன முரளிக்காகத் தேரை நிறுத்தினார். வீட்டில் நாங்கள் அழுதோம்.

2004இல் முழங்கை அசையாதபடி உறை பூட்டிக்கொண்டு, கமெரா முன்னால் அதே பந்துகளை வீசிக் காட்டினார் முரளி. அளந்து பார்த்தால் உலகின் பெரும்பாலான பந்துவீச்சாளர்களின் முழங்கையும் கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது என்று தெரியவந்தது. 2005இல் சர்வதேச கிரிக்கெட் பேரவை எல்லாருக்கும் 15 பாகை என்று எல்லை வகுத்தது. ஒருவரை நெருப்பில் இறக்கிப் பார்க்கப் போய், ஊர் முழுவதும் தன் உள்ளங்காலைப் பார்த்துக்கொண்ட கதை இது. இத்தனைக்கும் நடுவில் அவர் ஒருவரையும் வசைபாடி நான் கேட்டதில்லை. அடுத்த ஓவரைப் போட்டார். 1998 ஆகஸ்டில் இலண்டன் ஓவலில் 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெட். இரண்டாம் இன்னிங்ஸில் மட்டும் ஒன்பது. இங்கிலாந்தின் சொந்த வீட்டுக்குள் போய் இங்கிலாந்தை வழித்தெடுத்த அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சோறு ஆறியே உண்ணப்பட்டது.

அதற்குள் நாங்கள் வெள்ளவத்தைக்கு வந்திருந்தோம். மயூரபதி அம்மன் கோயில் மணி காதில் விழும் தூரம். போருக்குத் தப்பி வடக்கிலிருந்து வந்தவர்களால் வெள்ளவத்தை நிரம்பிக்கொண்டிருந்தது. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, சோதனைச்சாவடி. பஸ்ஸில் கைத்தொலைபேசி அடித்தால் குரலைத் தணித்துப் பேசுவோம். கூட்டத்துக்குள் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு கணம் யோசிப்போம். 2007 ஜூன் 7இல் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை போட்டது. அந்த வருடம் முழுக்க நாங்கள் மூச்சைக்கூட மெல்லத்தான் விட்டோம்.

அதே வருடம் டிசம்பர் 3. கண்டி அஸ்கிரிய மைதானத்தில் போல் கொலிங்வூட்டின் ஸ்டம்ப் பறந்தது. ஷேன் வோர்னின் 708ஐத் தாண்டி 709. நான் காலி வீதியில் 101ஆம் இலக்க பஸ்ஸில் இருந்தேன். சாரதி வானொலியைப் பெரிதாக்கினார். நடத்துனர் மிதிபலகையில் தொங்கியபடி, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் "முரளி! முரளி!" என்று கத்தினார். ஓட்டோக்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். சாவடியில் நின்ற சிப்பாய் கையை உயர்த்தி அதே பெயரைத் திருப்பிக் கத்தினான். நாங்கள் அடக்கி அடக்கி உச்சரித்த வகையான ஒரு பெயரைக் கொழும்பு தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பதறியது. நானும் கத்தினேன். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீதியில் என் முழுக்குரல் எனக்கே கேட்டது. அடியார்கள் ஏன் நாமத்தை உரக்கச் சொல்லச் சொன்னார்கள் என்பது அந்தப் பஸ்ஸில் விளங்கியது. நாமம் சாமிக்குக் கேட்பதற்காக மட்டும் இல்லை. சொல்கிறவரின் பயத்தைத் துரத்துவதற்கும்தான்.

2010 ஜூலை. கொழும்புத் தமிழருக்கு ஜூலை என்றாலே வயிற்றில் ஒரு கல் விழும். இனக்கலவரம் வெடித்த, 27 வருடத்துக்கு முந்திய ஜூலையின் கடைசி வாரம் இன்னும் ஆறாதது. அந்த மாதத்தில், காலியில் இந்தியாவோடு ஆடும் ஆட்டமே தன் கடைசி டெஸ்ட் என்று முரளி அறிவித்தார். 800க்கு எட்டு விக்கெட் வேண்டும். முதல் இன்னிங்ஸில் ஐந்து வந்தது. ஒரு நாள் முழுதும் மழையில் போனது. கடைசி நாள், 22ஆம் திகதி, 799இல் நின்றது கணக்கு. மிச்சம் ஒரே ஒரு விக்கெட். இஷாந்த் சர்மாவும் பிரக்யான் ஓஜாவும் அசையவில்லை. மறுமுனையில் இன்னொருவர் வீழ்த்திவிட்டால் 799 தான் என்றென்றைக்கும்.

காலி வீதியில் தொலைக்காட்சி விற்கும் கடை ஒன்றின் கண்ணாடிக்கு முன்னால் நடைபாதையே நின்றிருந்தது. மரக்கறிப் பையோடு அம்மாமார், கழுத்துப்பட்டி கட்டிய வங்கி ஊழியர், பாடசாலைப் பிள்ளைகள். என் பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து ஐயா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பந்து போனது. ஓஜாவின் துடுப்பு விளிம்பு. ஸ்லிப்பில் மஹேல ஜயவர்தன. முரளியின் பந்தில் 77 டெஸ்ட் பிடிகள் எடுத்த கைகளுக்குள் அதுவும் அடங்கியது. கண்ணாடி அதிர்ந்தது. ஐயா கண்ணைத் திறந்து, "எடுத்துப்போட்டாரோ பிள்ளை?" என்றார். "எடுத்திட்டார் ஐயா, எண்ணூறு!" என்றேன். முன்பின் தெரியாத அந்த மனிதர் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். 133 டெஸ்ட், 800 விக்கெட். எண்ணூறு பூவும் பாதத்தில் விழுந்து அர்ச்சனை நிறைந்தது.

மறு ஆண்டு மார்ச் 29, உலகக் கிண்ண அரையிறுதி, கெத்தாராம. பபரே வாத்தியம் வயிற்றுக்குள் அடித்தது. இலங்கை மண்ணில் சர்வதேச ஆட்டத்தில் அவர் வீசப்போகும் கடைசிப் பந்து என்று எல்லாருக்கும் தெரியும். முப்பதினாயிரம் பேரும் எழுந்து நின்றோம். ஓடிவந்தார். கண் விரிந்தது. ஸ்கொட் ஸ்டைரிஸ் எல்பிடபிள்யூ. கடைசிப் பந்திலும் விக்கெட்! அதற்குப் பிறகு எனக்குச் சொல் இல்லை. பக்கத்து இருக்கைச் சிங்களப் பெரியவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "அபே முரளி, நங்கி, அபே முரளி" என்று குழந்தையாக அழுதார். நானும் அழுதேன். எங்கள் முரளி என்கிறார். யாருடைய முரளி என்று வழக்காட அங்கே யாருக்கும் நேரமில்லை.

பக்தி என்றால் ஊடலும் சேர்ந்ததுதான். போரின் முடிவைப் பற்றியும், 2019 ஜனாதிபதித் தேர்தலை ஒட்டியும் அவர் பேசியவை எங்களில் பலரைச் சுட்டன. என்னையும்தான். 2020இல் அவர் வாழ்க்கைப் படத்துக்குத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்து, அவரே கேட்டுக்கொள்ள, விஜய் சேதுபதி விலகினார். 2023இல் மதுர் மிட்டல் நடித்து '800' வந்தது. அந்த நாட்களில் நான் சுந்தரமூர்த்தி நாயனாரை நினைத்தேன். கண் இழந்தபோது அவர் இறைவனைத் துதித்தா பாடினார்? நேருக்கு நேர் நின்று ஏசினார். தோழமை உள்ளவனுக்கே ஏச்சுரிமை. நானும் மனதுக்குள் ஏசினேன். ஏசி முடித்து, சுனாமிக்குப் பின் சீனிகமவில் வீடும் மைதானமும் எழுப்ப அவர் தோள்கொடுத்ததையும், 2012இலிருந்து போர் தின்ற வடக்கு மண்ணில் தெற்குப் பிள்ளைகளையும் வடக்குப் பிள்ளைகளையும் ஒன்றாக ஆடவைத்த முரளி கிண்ணத்தையும் எண்ணிக்கொண்டேன். ஏச்சும் கண்ணீரும் ஒரே பாத்திரத்தில் நிற்கின்றன. ஒன்றை ஊற்றிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

பலன் சொல்லி முடிப்பது மரபு. இந்த அர்ச்சனையால் எனக்கு வீடு வரவில்லை, வேலை உயரவில்லை, அவருக்கு என் பெயரும் தெரியாது. வந்த பலன் வேறு. இன்று வெள்ளவத்தைச் சந்தைக்குள் என் மகளை முழுப்பெயர் சொல்லி, மூன்று கடை திரும்பிப் பார்க்கக் கூப்பிடுகிறேன். அவள் வெட்கப்பட்டு, "மெதுவா அம்மா" என்கிறாள். மாட்டேன் என்கிறேன்.