துவந்துவம்: சண்டையா, சேர்க்கையா?



போன மாதம் நம்ம கீதை வகுப்பில் ஒரே ஒரு சொல்லோடு ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. அந்தச் சொல் 'துவந்துவம்'. சமஸ்கிருதத்தில் 'த்வ' என்றால் இரண்டு. அதையே இரண்டு தடவை அடுக்கினால் துவந்துவம். நாம் 'இரண்டிரண்டு' என்று சொல்கிற மாதிரி. சொல்லும் இரட்டை, அது குறிக்கும் பொருளும் இரட்டை. ஆனால் அதற்கு அர்த்தம் ஒன்றல்ல, பல. மூன்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதல் அர்த்தம், எதிரெதிரான சோடி. குளிர், வெப்பம். இன்பம், துன்பம். வெற்றி, தோல்வி. இவையெல்லாம் வரும், போகும், பொறுத்துக்கொள் என்று கீதை 2-ஆம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனுக்குச் சொல்கிறார். அதே அத்தியாயத்தின் 45-ஆவது சுலோகத்தில், துவந்துவங்களைக் கடந்து நில் என்கிறார்.

இரண்டாவது அர்த்தம், ஒருத்தனுக்கு ஒருத்தன் சண்டை. மகாபாரதத்தில் வீமனும் ஜராசந்தனும் மோதியது துவந்துவ யுத்தம். ஜராசந்தன் பிறந்த கதையே விசித்திரமானது. இரண்டு தாய்மார்கள், ஆளுக்குப் பாதி உடம்பாகப் பெற்றார்கள். ஜரா என்ற அரக்கி அந்த இரண்டு பாதிகளையும் எடுத்துச் சேர்த்தாள், உயிர் வந்தது. ஜரா சேர்த்ததால் ஜராசந்தன். கடைசியில் வீமன் அவனை இரண்டாகக் கிழித்ததும் உயிர் போனது. சேர்த்தால் உயிர், பிரித்தால் பிணம். இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது அர்த்தம்தான் யாரும் எதிர்பார்க்காதது: இலக்கணம்! 10-ஆம் அத்தியாயத்தில் கண்ணன், அசையாதவற்றில் நான் இமயம், நதிகளில் நான் கங்கை என்று சொல்லிக்கொண்டே வந்து, தொகைச் சொற்களில் நான் துவந்துவம் என்கிறார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. இமயமும் கங்கையும் சரி, இலக்கணம் எதுக்கு?

தமிழிலேயே பார்க்கலாம். 'மலைக்கோயில்' என்றால் எது முக்கியம்? கோயில்தான். அது எங்கே இருக்கிறது என்று காட்டுவதோடு மலையின் வேலை முடிந்தது. ஆனால் 'தாய்தந்தை' என்றால்? தாயும் முக்கியம், தந்தையும் முக்கியம். யாரும் யாருக்கும் கீழே இல்லை. பள்ளியில் இதை உம்மைத்தொகை என்று படித்தோமே, அதேதான். 'உம்' கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இரண்டையும் பிடித்து வைத்திருப்பது அந்த 'உம்'தான்.

இப்போது ஒரு கேள்வி. துவந்துவத்தைக் கடந்து நில் என்று சொன்னவரே, நான்தான் துவந்துவம் என்றும் சொல்கிறாரே! எது சரி?

வகுப்பில் நான் வாயைத் திறக்கவில்லை. காரணம், எனக்கு வேறு ஒரு நாள் ஞாபகம் வந்துவிட்டது.

போன வருடம் செமஸ்டர் ரிசல்ட் வந்த நாள். நானும் என் ரூம்மேட்டும் ஒரே கோர்ஸ், ஒரே மேசையில்தான் படிப்போம். அவனுக்கு டீன்ஸ் லிஸ்ட். எனக்கு தெர்மோடைனமிக்ஸ் பெயில். வெற்றி அந்தக் கட்டிலில், தோல்வி இந்தக் கட்டிலில். நடுவில் நாலு அடி. அவன் "டேய், வா பசியாறப் போகலாம்" என்று கூப்பிட்டான். தூங்குகிற மாதிரி நடித்தேன். அதற்குப் பிறகு பத்து நாள், அவன் ரூமுக்குள் வந்தால் நான் வெளியே போய்விடுவேன். வாய்ச்சண்டை இல்லை, கைகலப்பு இல்லை. ஆனால் அதுவும் துவந்துவ யுத்தம்தான்.

பதினோராவது நாள் இன்னொரு நண்பன் மாமாக் கடையில் வைத்துக் கேட்டான்: "அவன் அப்பா இப்போ எப்படி இருக்காரு?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. ரிசல்ட் வந்ததற்கு முதல் நாள் இரவு அவன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். அன்றைக்குக் காலையில் அவன் என்னைக் கூப்பிட்டது பெருமை அடிக்க இல்லை. சொல்லி அழ அவனுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

நான் அவனிடம் பாதியை மட்டும் பார்த்தேன். என்னிடமும் பாதியை மட்டும் பார்த்தேன். அவன் வெற்றி, நான் தோல்வி என்று கிழித்து வைத்துவிட்டேன். அவனுக்கு வெற்றி'யும்' துக்க'மும்' ஒரே நாளில் வந்திருந்தது. நான் விட்டது அந்த 'உம்'மைத்தான்.

அன்று இரவே மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லடா" என்றான். ஆனால் அந்தப் பத்து நாளை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.

அந்தப் பாடத்தை ரிப்பீட் எடுத்தபோது சொல்லிக் கொடுத்ததும் அவன்தான். அதில் ஓர் அடிப்படை விதி: வெப்ப இயந்திரம் ஓட, சூடான பக்கமும் வேண்டும், குளிர்ந்த பக்கமும் வேண்டும். எல்லாம் ஒரே சூட்டில் இருந்தால் எவ்வளவு சூடாக இருந்தாலும் அதிலிருந்து வேலை கிடைக்காது. முதல் தடவை இதை மனப்பாடம் செய்தேன், பெயில் ஆனேன். இரண்டாவது தடவைதான் புரிந்தது.

துவந்துவத்தைக் கடப்பது என்றால் கல்லாக இருப்பது என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வெற்றி தோல்வியைச் சமமாக எண்ணு என்று சொன்ன கண்ணன், சும்மா உட்கார் என்று சொல்லவில்லை. எழுந்து போர் செய் என்கிறார். நம் சைவ சித்தாந்தம் இதையே இருவினையொப்பு என்கிறது. நல்வினையின் பலன் வந்தால் துள்ளாமலும், தீவினையின் பலன் வந்தால் துவளாமலும், இரண்டையும் ஒரே மனசோடு ஏற்கிற பக்குவம். கடக்க வேண்டியது இரண்டையும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் நாம் மூட்டிவிடும் சண்டையை. சண்டை போனால் மிஞ்சுவது சேர்க்கை. அந்தச் சேர்க்கையில்தான் இறைவன், நான் துவந்துவம் என்கிறார். எனக்குப் புரிந்த பதில் இதுதான்.

அடுத்த முறை கோயிலில் அர்த்தநாரீசுவரர் திருவுருவைப் பார்த்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு பாதி இன்னொரு பாதியை விழுங்கவில்லை. அம்மையும் உண்டு, அப்பனும் உண்டு, உடம்பு ஒன்று.

ரிசல்ட், வேலை, காதல், வீட்டுப் பிரச்சினை என்று நமக்கு வருகிற எல்லாமே சோடியாகத்தான் வரும். ஒரு பாதியைப் பார்த்தவுடன் முடிவு கட்டாதீர்கள். இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். யாரைப் பார்த்து உங்களுக்குப் பொறாமையோ, அவரிடம் போய் "எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள்.

என் ரிப்பீட் ரிசல்ட் என்ன ஆச்சு என்கிறீர்களா? சி பிளஸ். அன்றைக்கும் அவன் பசியாறக் கூப்பிட்டான். இந்தத் தடவை போனேன்.

திருச்சிற்றம்பலம்.