மதிலுக்கு வெளியே போகும் செடி



அருப்புக்கோட்டைத் தெருக்களில் செடிப் பைத்தியம் பிடித்த வீடு ஒன்றையாவது நீங்கள் அறிந்திருப்பீர்கள். வாசற்படி முதல் மொட்டைமாடி வரை பெயிண்ட் வாளிகளிலும் உடைந்த குடங்களிலும் செடிகள். போன தை மாதம் ரோஜா நின்ற இடத்தில் இந்தத் தைக்கு வேறொன்று நிற்கும். எந்த ஊருக்குக் கலியாணத்திற்குப் போனாலும் அவ்வீட்டுக்காரர் ஒரு கிளையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டுதான் திரும்புவார். பார்க்கக் குளிர்ச்சிதான். ஆயினும் அதே தெருவில் தண்ணீர்க் குடத்தோடு பெண்கள் நடக்கையில், இந்த ஆசை நியாயந்தானா என்று மனம் உறுத்துவதுண்டு.

தண்ணீர்க் கணக்கு எளிது. திருச்சுழியில் குண்டாறு பெரும்பாலும் மணலாகவே கிடக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியே ஆண்டு முழுவதும் ஓட்டுகிறோம். அரிசி கழுவிய நீரில் பிழைக்கும் செடிக்கு யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். நல்ல தண்ணீர் கேட்கும் செடியை வைக்க என் மனம் ஒப்பவில்லை. ரோஜா ஆசை எனக்கும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. நாம் கொண்டுவந்த செடி மதிலைத் தாண்டிப் போனால் அதற்கு யார் பொறுப்பு?

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கும்பினி வைத்தியர் இருந்தார். தொழில் மருத்துவம், உயிர் செடிகளின்மேல். நுங்கம்பாக்கத்தில் அவருடைய தோட்டத்திற்கு வெளிநாட்டுச் செடிகள் வந்த வண்ணம் இருந்தன. செஞ்சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்க்கவேண்டுமென்று சப்பாத்திக் கள்ளிக்கென்றே தனித் தோட்டமும் போட்டார். அவர் 1809-இல் இறந்தார். சாயத் தொழில் நிலைக்கவில்லை. சப்பாத்திக் கள்ளியின் வேறோர் இனமோ, பின்னாளில் தென்னாட்டுத் தரிசுகளை அடைத்துக்கொண்டது. 1926-இல் இலங்கையிலிருந்து ஒருவகைக் கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கிற்று. இதற்கெல்லாம் ஆண்டர்சனைக் குற்றவாளி ஆக்குவது தகாது. அந்தக் காலத்தில் அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

சீமைக் கருவேலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கண்டத்து மரம். வறண்ட நிலம் பச்சையாகட்டும், ஏழைக்கு விறகு கிடைக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு பரப்பினார்கள். விறகும் கிடைத்தது, கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் நம் பக்கத்தில் ஏராளம். அதை மறைப்பது நன்றிகேடு. ஆனால் ஆடு காயைத் தின்றால் விதை சாகாமல் புழுக்கையோடு விழுந்து முளைக்கிறது. கண்மாயும் தரிசும் அதன் கைக்குப் போய்விட்டன. முள்ளை வெட்டிச் சலிக்கிறவர் நட்டவரின் பேரன்.

அறியாமல் செய்தது குற்றமாகாது என்போம். சரி. அறிந்துகொள்ள வழியிருந்தும் கேளாமல் செய்தது? இங்கேதான் நாம் ஆண்டர்சனோடு சேர்ந்து நிற்க முடியாது. உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் பூவுக்காகத் தோட்டங்களில் இடம்பெற்றவைதாம் என்பது இன்று நமக்குத் தெரியும். புதிய நாற்று கையில் வரும்போது, இதன் விதையைக் காற்று கொண்டுபோகுமா, பறவை கொண்டுபோகுமா, ஆடு தின்னுமா என்று கேட்க எவ்வளவு நேரமாகும்?

செடிப்பிரியரைக் குறை கூறுவதாக எண்ணவேண்டாம். தெருவில் மற்றவரைவிட இதை அறியக்கூடியவர் அவர்தாம். எது எப்போது வேர்விட்டது, எது கேளாமலே அடுத்த தொட்டியில் முளைத்தது என்று அவருக்கு மனப்பாடம். பக்கத்து வீட்டம்மாள் கிளை கேட்கும்போது, அந்தச் சேதியையும் சேர்த்துக் கொடுக்கலாமே.

கண்மாய்க் கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கு பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இளம் ஊதாப் பூ, மெய்யாகவே அழகு. பிள்ளைகள் ஆசைப்பட்டு ஒடித்து வருவார்கள். வாடியதும் கொல்லையில் எறிகிறோம். ஈர மண்ணில் விழுந்தால் அந்தத் துண்டு வேர்விடும்.